மூடப்பட்ட அறையின் அழைப்புகள்

மூடப்பட்ட அறையிலிருந்து மணி அடித்திருந்தது.

தன் பிழையாக்கும் என்றுதான் துஷாந்தினி முதலில் நினைத்தாள். இல்-பிசார் தீவில் இருந்த அந்த முதியோர் இல்லத்துக்கு அவள் வேலைக்கு வந்து நாலு நாள்தான். தரவுகள் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று நிர்வாகம் சொன்னதால், லொங்குய்ய் நகரில் இருந்த தன் அலுவலகத்தை விட்டுவிட்டு இங்கே கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறையில் லப்டொப்போடு இருந்தாள். அழைப்பு மணி ஒரு கணினியில், கதவு அட்டை இன்னொன்றில், மருந்து வேறொன்றில் என்று சிதறிக் கிடந்ததை ஒரே பதிவாக்க வேண்டும். எந்த அறை, என்ன நடந்தது, யார் செய்தார், எத்தனை மணிக்கு. நேரப்படி அடுக்கினால், மணி அடித்தும் ஆள் போகச் சுணங்குவது எங்கே என்று தெரிந்துவிடும்.

மூடப்பட்ட அந்த 314ஆம் அறையில் இருந்த மனுசி போன ஜனவரியில் இறந்துபோனார். ‘அறை மூடப்பட்டது’ என்ற வரியோடு அந்த அறையின் கதை முடிந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே, மார்ச்சில், ஓர் அழைப்பு. பிறகு மே. இப்படி ஆறு.

கோடைக்கும் குளிர்காலத்துக்கும் மணிக்கூட்டை மாற்றும் நாளில் மணித்தியாலம் பிசகியதா என்று பார்த்தாள். 341ஐ யாரும் 314 என்று அடித்துவிட்டார்களா என்று பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. டிசம்பர் என்பதால் நாலரைக்கே யன்னல் கறுத்துவிட்டது. சுவர் ஹீட்டர் ‘டிக், டிக்’ என்று சூடேற, கிருமிநாசினி மணமும் சமையலறைச் சூப்பின் மணமும் கலந்து கதவிடுக்கால் வந்துகொண்டிருந்தன.

றொசானா தலையை நீட்டினாள். துஷாந்தினியின் தங்கை. ஏஜென்சி ஒன்றின் மூலம் போன மாதம்தான் இங்கே பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

“அக்கா, எனக்கு ஆறு மணிக்கு முடியும். விட்டிட்டுப் போயிடாதேங்கோ. இண்டைக்கு மூண்டாம் மாடி.”

“ஓம், போ.”

அவள் போன பிறகு துஷாந்தினி பட்டியலை வேறு விதமாக அடுக்கினாள். அறைப்படி இல்லாமல், ஆள்படி. அந்த ஆறு அழைப்புக்கும் ஆறு பேர் போயிருந்தார்கள். ஃபத்திமா, மரி-லூர்ட், இன்னும் நாலு பெண்கள். ஒவ்வொருவரின் அட்டையும் 314இன் கதவைத் திறந்திருந்தது.

அதற்குப் பிறகு அவர்களுக்கு வரியே இல்லை. அறையை விட்டு வந்ததாக இல்லை. லிஃப்ற் இல்லை. வேலை முடித்துக் கையெழுத்து வைத்தது இல்லை. வாசற்கதவு இல்லை.

லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு, வேலை அட்டவணை போடும் தமிழர் ஜெராட்டிடம் போனாள்.

“ஜெராட் அண்ணை, 314 திறந்தோ கிடக்கு?”

“அது பூட்டிக் கிடக்குது பிள்ளை. கட்டிலும் கழட்டியாச்சு. ஏன்?”

“அங்க ஆறுதரம் மணி அடிச்சிருக்கு. போன ஆக்கள் இப்ப எங்க?”

அவர் பெயர்களை வாசித்தார். “ஏஜென்சி ஆக்கள். வருவினம், ஒருநாள் சொல்லாமக் கொள்ளாம வேலைக்கு வராம நிண்டிடுவினம். நாங்க ஆரைத் தேடுறது?”

“ஆறு பேருமோ?”

ஜெராட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “சாமான் எல்லாம் லொக்கரிலதான் கிடக்குது. மரி-லூர்ட்டின்ர ஃபோன் ரெண்டு நாள் அடிச்சுக்கொண்டு கிடந்தது. பேந்து சார்ஜ் முடிஞ்சு நிண்டுபோச்சு.”

அப்போது திரையில் பட்டியல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அடியில் ஒரு புது வரி.

314. அழைப்பு. 16:52.

“றொசானா மேலயெல்லோ...” என்றாள் துஷாந்தினி. குரல் அவளுடையது போல இல்லை.

அடுத்த வரி. 314. கதவு திறந்தது. றொசானா.

லிஃப்ற்றுக்கு நிற்கவில்லை. படி. முதல் மாடி. இரண்டாம் மாடி. பின்னால் எங்கேயோ ஜெராட் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்றாம் மாடி நடையில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தன. ஒரு இருமல் இல்லை. ஒரு ரீவிச் சத்தம் இல்லை. கடைசிக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு.

கதவு பூட்டியிருக்கவில்லை.

உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் தரை. புதுப் பெயின்ற் மணம். யன்னல் அடைத்திருந்தது, குளியலறைக் கதவு விரியத் திறந்து, அதுவும் வெறுமை. சுவரில் இருந்து அழைப்பு மணியின் கயிறு மட்டும்.

அது தொங்கவில்லை.

சுவரில் இருந்து அறையின் நடுவுக்கு விறைப்பாக நீண்டு நின்றது. கட்டிலில் கிடக்கும் ஒருவரின் கை இருக்கக்கூடிய உயரத்தில். கட்டில் இல்லை. கையும் இல்லை.

“றொசானா!”

அந்தக் கயிற்றின் நுனிக்குப் பக்கத்தில் இருந்து, வெறும் காற்றில் இருந்து, தங்கையின் குரல் வந்தது. அழவில்லை. நோயாளிகளோடு கதைக்கும் அதே மென்மையான குரல்.

“வந்திட்டன் அம்மா. வந்திட்டன். பயப்பிடாதேங்கோ.”

அவளோடு சேர்ந்து இன்னும் குரல்கள். பிரெஞ்சில் ஒன்று. கிரியோலில் ஒன்று. அரபியில் ஒன்று. எல்லாம் தாழ்ந்த குரல்கள், ஒரே ஆளைத் தேற்றுகிற குரல்கள். துஷாந்தினி எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இல்லை.

பிறகு எல்லாம் ஒரேயடியாக நின்றன.

கயிறு ஒருதரம் சுண்டியது. தளரவில்லை. விறைப்பாகவே, நுனி மட்டும் மெதுவாகத் திரும்பியது. யன்னல் பக்கத்தைக் கடந்தது. குளியலறையைக் கடந்தது. அவள் நின்ற வாசலுக்கு நேரே வந்து நின்றது.