உள்ளே பார்க்கும் தலை

வாசல் தூணின் மாடத்தில் இருந்த தலை வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது.

காலையில் கதுவாரோஸ் தன் கையாலேயே அதை வெளிப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஐம்பது வருடங்களாகத் தேவதாரு எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போன அந்த ரோமானிய அதிகாரியின் தலைதான் வீட்டுக்குக் காவல். அவருடைய அப்பா ஆற்றங்கரைப் போரில் வெட்டி எடுத்தது என்று குலம் முழுக்கத் தெரியும். ரோமானியர் மலைமுகட்டில் மதில் எழுப்ப, கதுவாரோஸின் மகனைக் கல் சுமக்க இழுத்துப் போனபின், குடும்பத்துக்கு மிஞ்சிய மானம் அது ஒன்றுதான்.

மூடுபனிக்குள் மதிலின் காவல்கொம்பு நீளமாக ஊதியது. ஈரக் கம்பளியின் வாடையும் எண்ணெய் வாடையும் வைக்கோல் கூரையிலிருந்து இறங்க, மாடத்துக்குள் எலும்பு கல்லில் உராய்வதுபோல் ஏதோ மெல்ல அசைந்தது.

நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி மருமகள் பிரிக்கா வந்து நின்றாள்.

“மாமா, நான் படுக்கிற எடத்தையே பாக்குது. பிள்ளை பொறக்குறதுக்குள்ள உண்மையச் சொல்லி அதப் பொதைச்சிடணும்னு குறிசொல்றவ சொன்னா.”

“என்ன உண்மை? போர்ல எடுத்தது.”

“நேருக்கு நேரா நின்னவனுக்குப் பிடரியில எப்படி வெட்டு விழும்?”

“ஓடியிருப்பான். ரோமானியன்தானே.”

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அவருக்குத் தெரியும். அப்போது ஏழு வயது. மழையில் வழி தப்பி வந்த அந்த ரோமானியன், இந்த வீட்டு ரொட்டியைத் தின்று, இந்த வீட்டுக் கிண்ணத்தில் பார்லி மது குடித்து, அடுப்போரம் கவிழ்ந்து தூங்கினான். அப்பா கோடரியை எடுத்தார். விருந்தாளியைக் கொன்ற வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அந்தப் பெயரோடா பேரன் பிறப்பது?

தலையை மறுபடி வெளியே திருப்பினார். அதன் கன்னம் சூடாக இருந்தது.

“போர்ல எடுத்தது,” என்று அதனிடமே சொன்னார்.

கொம்பு ஊதியது. கண்ணை மூடிக்கொண்டார். உராய்வு. பிறகு ஒன்றுமில்லை.

திறந்தார். மாடம் காலி.

மண்தரையில் ஒரு சொட்டு எண்ணெய். இன்னொன்று. அடுப்பை நோக்கி.

அங்கே, அவன் தூங்கிய அதே இடத்தில், பிரிக்கா மேலாடையை விலக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் தலை. அதன் உதடுகள் அவள் வயிற்றை ஒட்டி அசைந்தன. அவசரமில்லாமல். முதலிலிருந்து சொல்வதுபோல்.

“சத்தம் போடாதீங்க மாமா,” என்றாள். “கேட்டுக்கிட்டு இருக்கான்.”

இறுகிய வயிற்றுத் தோலில், அந்த உதடுகளுக்கு நேராக, உள்ளிருந்து ஒரு சின்னக் காது அழுந்திப் புடைத்திருந்தது.