ஈர முக்காடு

எர்சிலியாவின் முக்காடு நனைந்திருந்தது.

ஒப்பனை அறை ஆணியில் தொங்கிய அந்த மெல்லிய வெள்ளைத் துணியின் ஓரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசம் இல்லை. ஊரை ஒட்டி ஓடும் போ என்ற ஆற்றில் வெள்ளம் வடிந்தபின் கரைச் சேற்றிலிருந்து கிளம்பும் அழுகல் நெடி.

"யாரு இதை நனைச்சது?"

"நான் தொடவேயில்லம்மா," என்றாள் உடை உடுத்திவிடும் தெயோலிந்தா. "இந்தக் கிரெமோனா ஊர்ப் பனியில கல்லே வேர்க்குது. துணி நனையாதா?"

கதவருகே நின்ற லெயாந்த்ரோ சிரித்தான். இசை நாடகத்தில் அவன்தான் காதலன். கைவிடப்பட்டுச் செத்து, ஆவியாகத் திரும்பி, அவனை ஆடவைத்தே கொல்லும் பெண்ணாக எர்சிலியா. மலைக்கிராமத்துப் பழங்கதை.

"செத்தவளுக்கு ஜலதோஷமா பிடிக்கப்போவுது? போட்டுக்கோடி."

"செலிந்தா ஆத்துல விழுந்து செத்தது போன மாசம்தானே?" என்றாள் எர்சிலியா.

அவன் சிரிப்பு நின்றது. பின்பாட்டுக்காரி செலிந்தாவுக்கு மோதிரம் போட்டவன், எர்சிலியாவைப் பார்த்தபின் அதைத் திரும்பக் கேட்டு வாங்கியவன்.

"அவளா விழுந்தா. நானா தள்ளுனேன்? ஆட்டத்தன்னிக்கு அந்தப் பேச்சு வேண்டாம்."

இரண்டாம் அங்கம். எர்சிலியா திரைமறைவில் நின்றாள். எரிவாயு விளக்குகள் நீலமாகத் தணிந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் இருமலும் விசிறிகளின் படபடப்பும் ஓய, வயலின்கள் அவள் பாட்டுக்கான இடத்தை நோக்கி மெல்ல ஏறின. முக்காட்டின் ஈரம் கன்னத்தில் ஒட்டியது. மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

குரல் எழுந்தது. அவளுடைய குரல்தான். ஆனால் மேடையிலிருந்து.

தெயோலிந்தா அவள் கையைப் பிடித்தாள். "அம்மா... நீங்க இங்க இருக்கீங்க. அப்ப அங்க யாரு?"

மேடை நடுவே முக்காடிட்ட ஒருத்தி. எர்சிலியா கத்தினாள். சத்தம் வரவில்லை. தொண்டையில் காற்று மட்டும்.

லெயாந்த்ரோ பாடியபடியே அந்த முக்காட்டுக்காரியின் கையைப் பற்றி, ஒத்திகையில் செய்தது போலவே முக்காட்டை விலக்கினான். அவள் முகம் எர்சிலியாவுக்குத் தெரியவில்லை. அவன் முகம் தெரிந்தது. பாட்டு பாதியில் அறுந்தது.

ஆட்டம் தொடங்கியது.

சுற்றினார்கள். வேகமாக. இன்னும் வேகமாக. வாத்தியக்குழுவை நடத்துபவர் குழம்பிப்போய் கோலைத் தாழ்த்தினார். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அவன் கால்கள் அடங்கவில்லை. "நிறுத்துங்க," என்றான். "யாராவது நிறுத்துங்க." என்ன நடிப்பு என்று கூட்டம் மெய்மறந்தது. அவன் வாயிலிருந்து நீர் வழிந்தது. கலங்கிய நீர். குடம் குடமாக.

விழுந்தான். அசையவில்லை.

அரங்கம் எழுந்து கைதட்டியது. மேடைமேல் பூக்கள் விழுந்தன.

அவனோடு ஆடியவள் முக்காட்டை மறுபடி இழுத்துவிட்டு மெல்லத் திரும்பினாள். திரைமறைவை நோக்கிக் கையை நீட்டினாள்.

எர்சிலியா திரைக்கயிற்றை இறுகப் பற்றினாள். தெயோலிந்தா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வலது கால் நகர்ந்தது. பிறகு இடது கால். கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு நழுவியது.

வெளிச்சத்துக்குள் அவள் சுழன்று வர, கூட்டம் கூரை அதிரக் கூவியது:

"இன்னொரு தரம்! இன்னொரு தரம்!"