யாழில் விழுந்த வில் முடிச்சு

"பாட்டில் உருக்கம் இருந்துவிட்டால்..."

"உருக்கத்தைக் கொண்டுபோய் உலையில் போடுங்கள், ஐயா! யாழுக்கு நரம்பு கட்டத் தெரியாதவருக்கு உருக்கம் ஒரு கேடா?"

"பேசவிடு, கொற்றி! நேற்று நான் பாடியபோது நீயே அழவில்லையா?"

"அழுதேன்தான். நரம்பு கட்டி, சுருதி கூட்டிக் கையில் கொடுத்தவள் யார்? இன்னொரு முறை கட்டுங்கள் என்றால் அலுத்துக்கொள்கிறீர்கள். பயம் வந்தால் மனசு மறந்துபோகும். கை மட்டும்தான் நினைவு வைத்திருக்கும். உங்கள் கைக்கு என்ன தெரியும்? வில்!"

அன்பு வாசகர்களே, இவர்கள் சண்டை ஓயாது. நாம்தான் சற்று விலகி நிற்க வேண்டும். அந்தி வானத்தின் செம்மையெல்லாம் ஆற்றில் வடிந்து சாம்பல் பூக்க, நாணற் புதர்களுக்கு மேலே வெளிறிய நிலவொன்று, நெடுவழி நடந்து களைத்தவளைப் போல் வேங்கைமேட்டுக் கோட்டையின் மதிலில் சாய்ந்திருந்தது. அதன் கீழே புழுதி படிந்த பாதங்களோடு அமர்ந்திருந்தவன், போரில் நாடிழந்த கண்டன்வேள். எதிரே இருந்தவள் யாழ்க்குடியில் பிறந்த விறலி கொற்றி. கோட்டைச் சிறையில் கிடக்கும் வேளின் தம்பியை விடிந்ததும் யானைக் காலில் இடப்போகிறார்கள். இன்று திருவிழா, உள்வாயிலைக் கடக்க யாழ்ப்பாணர்க்கு மட்டுமே அனுமதி; அதனால்தான் தம்பியை மீட்க வேள் பாணன் வேடம் பூண்டிருக்கிறான். ஆனால், பாணர் வேடத்தில் ஒற்றர் புகுந்த நாள்முதல் அங்கே ஒரு வழக்கம் உண்டு: நரம்புகளையெல்லாம் அவிழ்த்துப் போட்டு, "கட்டு, பார்க்கலாம்!" என்பார்கள்.

அப்படியே நடந்தது.

"எங்கே, பாணரே, கட்டும்!" என்றான் வாயிற்காவலன். "போனமுறை வந்தவர் கட்டத் தெரியாமல் கழுத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்."

சுற்றிலும் சிரிப்பு. வேள் நரம்பைக் கையில் எடுத்தான். அதை யாழின் வளைந்த தண்டான கோட்டில் பலமுறை சுற்றி, அங்குள்ள தோல்வாருக்குள் செருக வேண்டும்; கொற்றி சொன்னது அதுதான். தம்பியின் முகம் குறுக்கே வந்தது. கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. வில்லுக்கு நாண் கட்டுவதுபோல் கண்ணி போட்டு, திருப்பி, பல்லால் கடித்து இழுத்தான். நரம்பு விறைத்து நின்றது. பிறகு பாடினான். சிரித்தவர்கள் அடங்கினார்கள், காவலன் மீசையைத் துடைத்துக்கொண்டு, "போம் ஐயா, உள்ளே போம்" என்றான். கொற்றி மட்டும் அந்த முடிச்சைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பொறுங்கள்" என்றது ஒரு குரல்.

மேன்மாடத்திலிருந்து இறங்கி வந்தவள் கோட்டைத் தலைவரின் மகள் அணிமுத்து நாச்சியார். இரு குடிகளும் பகைக்கு முன்பு உறவாடிய காலத்தில், வேளோடு ஒரே களத்தில் வில் பழகியவள். அவனுக்கென்று மணம் பேசி, பிறகு இல்லையென்று ஆனவள். இன்று அவள் விழிகளில் உறக்கமே இல்லாதவர்களின் சோர்வு இருந்தது. காவலன் தள்ளி நிற்க, யாழை வாங்கி, முடிச்சின்மேல் விரலை வைத்தாள். தாடிக்குள் ஒளிந்த முகத்தை அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"நன்றாகப் பாடினீர்கள், பாணரே" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "ஆனால் இப்படிக் கண்ணி போட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர்தான். அவர் இன்று என் தந்தைக்குப் பகைவர். இந்தப் பகையால் நானும் களைத்துவிட்டேன், நீங்களே சொல்லுங்கள். கதவைத் திறக்கச் சொல்லட்டுமா, காவலரை அழைக்கச் சங்கை ஊதச் சொல்லட்டுமா?"