எழுந்தார்... விழுந்தார்

இன்ஸ்பெக்டர் எத்திராஜ் உள்ளே நுழைந்ததும் மதார் சாகிப் நாற்காலியை விட்டு எழுந்தார். சலாம் வைக்கக் கை தூக்கினார்.

கை நெற்றிக்குப் போகவில்லை. மார்பைப் பிடித்தது.

மூச்சுக்குத் தவித்து, இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் மேலேயே விழுந்தார்.

அவ்வளவுதான்... ஆள் காலி.

வருஷம் 1952. இடம், ராயபுரம் தோல் வியாபாரிகள் சங்கம். தலைவர் யார் என்பதில் மதாருக்கும் காஜா மொய்தீனுக்கும் தகராறு. மதார் இரண்டு நாளாக அசையவில்லை. சாப்பாடு, தூக்கம் எல்லாம் தலைவர் நாற்காலியில். ஒன்றுக்குக்கூட அங்கேயே, சொம்பில்தான் போனார்.

மேஜையில் பாதி குடித்த டீ.

"யார் குடுத்தது?" என்றார் எத்திராஜ்.

"நான்தான், ஐயா," என்றார் காஜா. "இன்னா இருந்தாலும் பழைய தோஸ்து... ரெண்டு நாளா குந்தினு கீறானேன்னு..."

"விஷம்."

ஐந்தே நிமிடத்தில் காஜா கையில் விலங்கு. அப்புறம் லாக்கப். தூக்குக் கயிற்றை நினைத்து நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள், பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் வால்டர் ஸ்டேஷனுக்கு வந்தார்.

"விஷம் இல்ல. நுரையீரல்ல ரத்தக்கட்டி."

"அங்க எப்படி வந்துச்சு?"

"கால்லேருந்து. நடக்கும்போது கால் சதைதான் ரத்தத்தை மேலே தள்ளும். ரெண்டு நாள் மடக்கின காலை அசைக்கலேன்னா, ரத்தம் தேங்கி உறைஞ்சிடும். எழுந்ததும் கட்டி பிச்சுக்கிட்டு, இதயம் வழியாப் போய் நுரையீரலை அடைச்சிருக்கு. லண்டன்ல குண்டு விழுந்தப்ப, ராத்திரி பூரா நாற்காலியில பதுங்கின சிலர் இப்படித்தான் செத்தாங்க. நடுவுல ரெண்டு நடை நடந்திருந்தா பொழச்சிருக்கலாம்."

எத்திராஜ் விடவில்லை.

"அப்ப அவரை எழுந்திருக்க விடாம மிரட்டினவன்தான் கொலைகாரன். காஜா, நீதானே?"

"எழுந்துக்கடா, எழுந்துக்கடான்னு ரெண்டு நாளா கெஞ்சினவனே நான்தான், ஐயா..." கம்பியைப் பிடித்துக்கொண்டு காஜா அழுதார். பயத்தில் அல்ல. தோஸ்துக்காக.

வாசலில் நின்றிருந்த மதாரின் மனைவி ரஹீமுன்னிசா ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"அவுரு ஜோப்புல இருந்துது. மானம் பூடும்னு யாராண்டயும் சொல்லல."

டாக்டர் வாங்கி உரக்கப் படித்தார்.

"'தகராறைத் தீர்க்க நான் நேரில் வரும்வரை நாற்காலியை விட்டு எழக்கூடாது. மீறினால் கைது. இப்படிக்கு, இன்ஸ்பெக்டர் எத்திராஜ்.'"



"மந்திரி பந்தோபஸ்து... ரெண்டு நாள் மறந்தே போச்சு..." எத்திராஜின் குரல் இறங்கியது. "டாக்டர், சாவுக்குக் காரணம்னு என்ன எழுதப்போறீங்க?"

வால்டர் பேனாவைத் திறந்தார்.

"போலீஸ் பேச்சைக் கேட்டதுன்னு."