உள்தாழ்ப்பாள்

கூண்டில் வாடையே இல்லை. க்வெண்டாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். கருஞ்சிறுத்தை வளரும் இடத்தில் மூத்திர நெடி சுவருக்குள்ளேயே ஊறிப்போயிருக்கும். இங்கே ஈரமண்ணும் புது வைக்கோலும்தான் மணத்தன. தண்ணீர்த் தொட்டியில் ஆடைபோல் உறைந்திருந்த பனிக்கட்டியை எந்த நாக்கும் தொட்டிருக்கவில்லை.

லிங்கன்ஷயர் தாழ்வயல்களில் ஜனவரி வெளிச்சம் தேநீர் வேளைக்குள்ளேயே வற்றிவிடும். மூடுபனி வேலியைத் தாண்டி, முற்றத்துக் கூழாங்கற்கள்மேல் மெல்லப் படர்ந்துகொண்டிருந்தது.

கணவர் ரான் இறந்தபின், அவர் வளர்த்த ஜெட் என்ற சிறுத்தையைத் தானே வைத்துக்கொள்ள பெரில் ஓட்லி உரிமம் கேட்டிருந்தாள். கூண்டைச் சோதித்துச் சொல்லக் கவுன்சில் அனுப்பிய கால்நடை மருத்துவர் க்வெண்டா பாஸ்க்.

"ஜெட் எங்க, மிசஸ் ஓட்லி?"

"பின்னறையில தூங்குது டாக்டரம்மா. எழுப்பணுமா?"

எழுப்பித்தான் ஆகவேண்டும். ஆனால் பின்னறையின் பலகைக் கதவு உயர்வதை நினைத்ததும் க்வெண்டா ஓரடி பின்வாங்கினாள். மாடும் குதிரையும் பார்த்தே காலம் தள்ளியவள். பெரிய பூனைகளென்றால் தனக்கு உதறல் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

"வேண்டாம், தூங்கட்டும்."

சொன்னதுமே காது மடல்கள் சுட்டன. அந்த வெட்கத்தை மறைக்கத்தான் கூண்டுக்குள் நுழைந்தாள். கம்பிவலையை உலுக்கினாள். பராமரிப்பவர் உள்ளே இருக்கும்போது தன்னைப் பூட்டிக்கொள்ளக் கூண்டுக் கதவில் வைத்திருந்த உள்தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள், எண்ணெயிட்டதுபோல் வழுக்கியது. கடைசியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, பின்னறைப் பலகையில் காதை வைத்தாள்.

ஒன்றுமில்லை. ஒரு சுவாசம்கூட இல்லை.

"உள்ள சத்தமே இல்லையே."

வெளியே கைத்தடியை ஊன்றி நின்ற பெரில் தன் செருப்பையே பார்த்தாள். "எழுதிட மாட்டீங்களே? குளிர்ல வெறைக்குதேன்னு வீட்டுக்குள்ள விட்டுட்டேன். ராத்திரி அவர் படுக்குற பக்கம் படுத்துக்கும். நானும் ஒண்டியாத்தான கெடக்கேன்."

"இப்ப எங்க இருக்கு?"

"அடுப்படியில. கதவைச் சாத்திட்டுத்தான் வந்தேன்." கொஞ்சம் யோசித்தாள். "சாத்தினேன்னுதான் நெனைக்கிறேன்."

வீட்டுப் பக்கம் ஒரு கதவுக் கீல் முனகியது. நீளமாக, சோம்பலாக.

பிறகு கூழாங்கற்கள். ஒன்று நகர்ந்தது. நின்றது. இன்னொன்று.

க்வெண்டா எப்போது கூண்டுக் கதவை இழுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. பெரில் வெளியே நின்றாள். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம்.

பெரில் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கவனித்தாள்.

"என்கிட்ட வரும்போது இப்படி நடக்காது," என்றாள் மெதுவாக. "இது வேற நடை."

ஒரு கல் உருண்டது.

"கத்தாதீங்கம்மா. கத்தினா பாய்ஞ்சிடும். கதவை மட்டும் திறங்க."

நேரம் இருந்தது. ஒரு இழுப்பு. ஒரு ஆள் நுழையும் அளவு இடைவெளி. இருந்தது. க்வெண்டாவின் கை தாழ்ப்பாள்மேல்தான் இருந்தது. இழுக்கவில்லை. அழுத்திப் பிடித்திருந்தது.

பெரில் அவள் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"பரவாயில்லம்மா," என்றாள், காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுவதுபோல். "பயமாத்தான் இருக்கும்."

கைத்தடி விழுந்தது. வலைக்கண்கள் வழியே அவள் விரல்கள் நுழைந்து, க்வெண்டாவின் இடக்கை விரல்களைப் பற்றின. சுருங்கிய, சூடான விரல்கள்.

பெரிலின் தோளுக்குப் பின்னே மூடுபனி கறுத்தது.

க்வெண்டா கண்களை மூடிக்கொண்டாள். பெரில் அலறவில்லை. வலை அதிர்ந்தது. பின்னாலிருந்து ஒரு இழுப்பு. மறுபடி. கூண்டே அசைந்தது.

அந்த விரல்கள் விடவில்லை. இழுக்க இழுக்க இறுகின.

வலக்கை இன்னும் தாழ்ப்பாளை அழுத்திக்கொண்டிருந்தது.