பாவடித் திருப்பத்தில் ஏறியவர்கள்

மினி பஸ் வேகம் குறைந்து, ஓரம் கட்டி, நின்றது. அந்த இடத்தில் நிறுத்தம் கிடையாது.

கிடையாது என்பது துர்காதேவிக்கு நன்றாகவே தெரியும். அந்த நிறுத்தத்தை எடுக்க வைத்ததே அவள்தான்.

காலை ஐந்தேகால். மார்கழிப் பனி வயலிலிருந்து எழுந்து வந்து சாலையை மூடியிருந்தது. முன்விளக்கு வெளிச்சம் பத்தடி போவதற்குள் கரைந்துவிட்டது. கதவு திறந்ததும் ஈரமண் வாசனையும், எங்கோ தூரத்துக் கோயில் ஒலிபெருக்கியின் கரகரப்பும், முழங்காலைத் தொடும் குளிரும் உள்ளே வந்தன. ஆள் யாரும் வரவில்லை. ஆனாலும் டிரைவர் தணிகாசலம் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி, மூடிய ரயில்வே கேட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி, அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு படிக்கட்டுப் பக்கம் பஸ் லேசாகத் தாழ்ந்தது. அடியில் பட்டை ஸ்பிரிங் முனகியது. நிமிர்ந்தது. மறுபடி தாழ்ந்தது.

எண்ணுவதுதான் துர்காதேவியின் தொழில். தன்னையறியாமல் எண்ணினாள். ஒன்பது தடவை.

கண்டக்டர் அந்தோணி விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது.

மாகறல் பக்கமிருந்து காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் கொண்டு சேர்க்கிற இணைப்பு பஸ் அது. அதில் வருகிறவர்களை வாங்கிக்கொண்டு ஐந்து ஐம்பதுக்கு, ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சென்னைக்கு விரைவு பஸ் கிளம்பும். இணைப்பு பஸ் பிந்தினால் விரைவு பஸ் போய்விடும். ஆகவே ஆள் ஏறாத நிறுத்தங்களை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. எங்கே எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று பஸ்ஸிலேயே உட்கார்ந்து எண்ணித் தரும் வேலையை ஒரு தனியார் கம்பெனி எடுத்திருந்தது. அந்தக் கம்பெனியின் மேற்பார்வையாளர் துர்காதேவி.

முதல் தடவை எண்ணியபோது, தாளில் பாவடித் திருப்பம் என்ற நெசவாளர் குடியிருப்பின் பெயருக்கு எதிரே அவள் சுழி, அதாவது பூஜ்யம், போட்டாள். அன்றைக்கு அங்கே ஒருவரும் ஏறவில்லை என்பது நிஜம். ஏன் ஏறவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அன்று அமாவாசை. அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் எந்த நெசவாளியும் தறியில் உட்கார மாட்டான். அவளுடைய அப்பாவும் உட்கார்ந்ததில்லை. சின்ன வயதில் அவள் சினிமா பார்த்ததெல்லாம் அமாவாசைகளில்தான். பஸ் காலியாக இருந்தால் எண்ணுவது சுலபம், நாலு நாள் வேலையை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தேதி குறித்ததும் அவள்தான். மேலே இருந்தவர்களுக்கு அமாவாசை என்ன, பௌர்ணமி என்ன. தாளில் சுழி இருந்தது. நிறுத்தம் போயிற்று. ஒன்றரை நிமிஷம் மிச்சம்.

மூன்றாம் மாதம், பஸ் நிற்காததால் பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்கூடத்துக்கு லோடு ஆட்டோவில் நின்றபடி போன பாவடித் திருப்பத்துக்காரர்கள் ஒன்பது பேர், வண்டி கவிழ்ந்து சாலையிலேயே செத்தார்கள்.

ஊர் மனுக் கொடுத்தது. மறுபடி எண்ணச் சொல்லி உத்தரவு வந்தது. இரண்டாவது தாளிலும் சுழி விழுந்தால் மனு தள்ளுபடி, துர்காதேவிக்கு வேலை நிரந்தரம். சுழி விழாவிட்டால் முதல் தாள் பொய் என்றாகும். வேலை போகும். கோர்ட்டு வாசலும் மிதிக்க வேண்டி வரலாம்.

"இந்த வாட்டியும் அமாவாசையிலயே வெச்சிடுமா," என்றார் மேனேஜர் குமரகுரு, சிரிக்காமல். அவளும் சிரிக்காமல் தலையாட்டினாள்.

இன்று அமாவாசை.

"இங்க ஏன் நிறுத்துனீங்க?" அவள் குரல் அவளுக்கே உயரமாகக் கேட்டது.

"நிறுத்தாம போனா பாலத்தாண்ட இன்ஜின் நின்னுடுதுமா," என்றார் அந்தோணி. பதினைந்து வருஷமாக இந்தத் தடத்தில் கண்டக்டர். "ஒரு வாரம் மெக்கானிக்க வெச்சுப் பார்த்தோம். அப்பால தணிகாசலம் அண்ணனே நிறுத்த ஆரம்பிச்சுட்டாரு. இப்போ இன்ஜினும் தகராறு பண்றதில்ல, நாங்களும் பண்றதில்ல."

"யாரு ஏறினாங்க?"

"எண்றதுக்கு உங்களைத்தானே அனுப்பிக்கிறாங்க. என்னை இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். துர்காதேவி திரும்பினாள். அப்போதுதான் அது உறைத்தது. மாகறலிலும் அடுத்த ஊர்களிலும் ஏறிய பதினாலு பேரும் பஸ்ஸின் பின்பாதியில், ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். சாப்பாட்டுப் பையோடு கம்பெனிப் பிள்ளைகள், பால்காரர், பூக்கூடையை இடுப்பில் இடுக்கிய செல்லியம்மாள். முன்பாதியில் அவள் ஒருத்திதான். ஜன்னலோரம். அவளைச் சுற்றிப் பத்து இருக்கைகள் காலி.

"இடம் இருக்குதே. வந்து உக்காருங்களேன்," என்றாள்.

"இருக்குதா?" என்றாள் செல்லியம்மாள். "நல்லாப் பாருமா."

பார்த்தாள். எதிர் இருக்கையின் ரெக்சின் மெத்தை நடுவில் குழிந்திருந்தது. அதற்கு அடுத்ததும். அந்தப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில், வெளிப்பக்கம் வழிந்த பனிக்கு உட்புறமாக, வாயளவில் ஒரு மூச்சாவி வட்டம் படிந்து, சுருங்கி, மறுபடி படிந்தது. தறியின் பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சியின் புளித்த வாசனை மெல்ல எழுந்தது. அதனோடு நனைந்த பட்டின் வாசனை, நேற்றைய மல்லிகையின் வாசனை, எல்லாவற்றுக்கும் அடியில் சாலையில் சிந்தி வெயிலில் காய்ந்த ஏதோ ஒன்றின் வாசனை. சுவருக்கு அப்பால் பேசுவது மாதிரிப் பேச்சுக் கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை. காலையில் வேலைக்குப் போகிறவர்களின் சாதாரணமான, தூக்கம் கலையாத பேச்சு. நடுவில் ஒரு கொட்டாவி.

"இன்னிக்கு அமாவாசை," என்றாள் துர்காதேவி. "நெசவாளிங்க வர மாட்டாங்க."

"உசுரோட இருக்கறவங்களுக்குத்தான்மா அமாவாசை லீவு," என்றாள் செல்லியம்மாள். "செத்தவங்களுக்கு அன்னிக்குத்தான் வேலையே."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"எழுந்து இப்படி வந்துடு, கண்ணு. அது நம்ம எடம் இல்ல," என்றாள் செல்லியம்மாள்.

அந்தோணி குனிந்து, அவள் மடியிலிருந்த தாளை விரலால் தட்டினார். "உள்ளதைப் போடுமா. ஒன்பதுன்னு எழுது. இங்க இருக்கற அத்தனை பேரும் கையெழுத்துப் போடறோம். பாவம், அவங்களும் வேற இன்னா கேக்கறாங்க? ஏறினாங்கன்னு ஒரு எழுத்து."

பேனா பாவடித் திருப்பத்தின் கட்டத்துக்கு மேலே நின்றது. ஒன்பது என்று எழுதினால் என்ன ஆகும் என்று அவள் யோசித்தாள். குமரகுருவின் முகம் தெரிந்தது. மாதம் பிறந்தால் வருகிற சம்பளம் தெரிந்தது. தன்னைக் கண்டு முகம் திருப்பிக்கொள்ளப்போகும் அப்பாவின் தெரு தெரிந்தது. ஒரு படிக்கட்டு ஆடியதற்காகவா? இந்த டிரைவரும் கண்டக்டரும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து நாடகம் ஆடுகிறார்கள். ஸ்பிரிங் பழசு. மெத்தை பழசு. கண்ணில் படாத ஆளை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

அவள் சுழி போட்டாள். அழுத்தி, வட்டம் மூடும்படி.

பேச்சு நின்றது.

அந்தோணி ஒரு நிமிஷம் தாளைப் பார்த்தார். பிறகு பின்னால் போய்ப் பதினாலு பேரோடு நின்றுகொண்டார்.

எதிர் இருக்கையின் குழி மெல்ல நிரம்பி மேலே எழும்பிற்று. யாரோ எழுந்துவிட்டார்கள். அடுத்த குழியும் எழும்பிற்று. நடைபாதைத் தகரத்தில் காலடி. வெறுங்கால். ஒன்று. இன்னொன்று. அவளருகே வந்து நின்றது. நெசவாளியின் பழக்கம்போல உட்காருமுன் கையால் இருக்கையைத் தடவிப் பார்த்தது. அந்தக் கை அவள் தொடையைத் தடவியது. சில்லென்று. காலி இடத்தைத் தடவுகிற மாதிரி.

பிறகு அவள் மடியில் உட்கார்ந்தது.

முழு மனுஷ பாரம். எலும்பும் இடுப்புமாக, ஒரு நடுவயதுப் பெண்ணின் பாரம். ஈரத் தலைமுடி அவள் வாயை மூடியது. கத்தினாள். சத்தம் முடியிலேயே நின்றுவிட்டது. தள்ளினாள். கை எழவில்லை.

காலடி. இன்னொருவர்.

அவர் அந்தப் பெண்ணின் மேல் உட்காரவில்லை. துர்காதேவியின் தோளின் மேல் உட்கார்ந்தார். அங்கேயும் யாரும் இல்லை என்பது போல.

மூன்று. நான்கு.

பஸ் ஸ்டாண்டு வந்தது. டீக்கடை வெளிச்சம், பாத்திரச் சத்தம், "சென்னை, சென்னை" என்ற கூவல். பதினாலு பேரும் பின் வாசலில் இறங்கி விரைவு பஸ்ஸை நோக்கி ஓடினார்கள். செல்லியம்மாள் மட்டும் கீழே நின்று, ஜன்னல் வழியாக ஒருமுறை தேடினாள். அவள் பார்வை துர்காதேவியின் முகத்தின் மேல் வந்தது. நிற்காமல் போயிற்று.

"அந்தம்மா எங்கப்பா?" என்றார் தணிகாசலம்.

"முன் பக்கமா இறங்கிட்டாங்களா?" என்றார் அந்தோணி.

"முன் கதவை நான் இங்க இன்னும் தொறக்கவே இல்லியே."

அந்தோணி முன்னால் வந்தார். தரையில் கிடந்த தாளை எடுக்கக் குனிந்தார். அவர் மூச்சில் பீடி நாற்றம் அடித்தது, அவ்வளவு பக்கம். துர்காதேவி கண்ணை அகலத் திறந்து அவரையே பார்த்தாள். அவர் தாளைப் படித்தார். அந்த வட்டத்தைப் பார்த்தார்.

"த்தூ," என்றார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

பாரம் எழவில்லை. அவர்கள் இறங்கவில்லை. லோடு ஆட்டோ கவிழ்ந்த அன்றைக்கும் அவர்கள் காஞ்சிபுரம் வந்து சேரவில்லையே.

பஸ் மறுபடி கிளம்பியது. புது ஆட்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி அவளருகே வந்தாள். இருக்கையைப் பார்த்தாள். குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து போனாள்.

ஐந்து. ஆறு.

பனி விலகியது. நல்ல வெயில், மஞ்சளாக, ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்தது. டிரைவர் தலைக்கு மேலிருந்த பெரிய கண்ணாடியில் முன்பாதி முழுவதும் தெரிந்தது. துர்காதேவி பார்த்தாள். பார்க்க மட்டும்தான் முடிந்தது.

கண்ணாடியில், ஜன்னலோரம், வெயிலில் ஒரு காலி இருக்கை. அதன் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்தால் விழுகிற பள்ளம் இல்லை. அதைவிட ஆழம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரெக்சின் பிளந்தது. பஞ்சு பிதுங்கியது. கம்பி வளைந்தது.

பள்ளம் இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.