தோணி மணியும் கித்தேரியானின் கயிறும்

2018 மார்ச் 3, சனிக்கிழமை, காலை ஏழு மணி. தூத்துக்குடிக்குக் கிழக்கே, பதினாறு மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு தோணிக்கு மேலே படகு நங்கூரம் போட்டது.

படகில் மூன்று பேர். பதினைந்து வருடமாகச் சங்கு குளிக்கும் லூர்தன், அவன் மனைவியின் அண்ணன் கித்தேரியான், சென்னையிலிருந்து வந்து ஒரு வாரமாகப் பயிற்சி கொடுத்த தேர்வாளர் நிவேதனா. தனியாக முங்கச் சான்றிதழ் இல்லாதவனை இனிக் கடலில் இறக்குவதில்லை என்று லூர்தனுக்கு வேலை கொடுக்கும் மீட்பு நிறுவனம் சொல்லிவிட்டது. தோணியின் வெண்கல மணியை அரை மணி நேரத்துக்குள் ஒற்றை ஆளாக மேலே கொண்டுவர வேண்டும். அதுதான் தேர்வு.

"எங்கய்யா எந்தக் காயிதத்தக் காட்டிட்டு முங்குனாரு?" என்றான் லூர்தன்.

"உங்கய்யா இடுப்புல கயிறு இருந்துச்சுல்லா? மேல அவரு மச்சான் இருந்தாருல்லா?" என்றபடி கித்தேரியான் கயிற்றைக் கட்ட வந்தான். குளிப்பவனின் கயிற்றை மனைவியின் சகோதரன்தான் பிடிப்பது வழக்கம். தங்கையின் தாலியை நினைத்தாவது அவன் கை தளராது.

"கயிறு இருந்தா அது தனியா முங்கறது இல்ல. எடுத்துடுங்க" என்றார் நிவேதனா.

"எந்தங்கச்சிக்கு நீங்களா பதில் சொல்லுவிய, மேடம்?"

"விடு மச்சான், இருபது நிமிசம்!" லூர்தன் குதித்துவிட்டான்.

மணி பாய்மரத்தடியில் பாசி பிடித்துக் கிடந்தது. மணியை மிதக்கவைத்துத் தூக்கும் காற்றுப்பையை அதில் கட்டி நிமிர்ந்தபோதுதான் பழைய வலை ஒன்று அவன் சிலிண்டரைப் பற்றியது. திமிறினான். வாய்க்குழாய் பிடுங்கிக்கொண்டு முதுகுப்புறம் போய்விட்டது!

கை இடுப்புக்குப் போனது. மூன்று இழுப்பு இழுத்தால் மச்சான் தூக்கிவிடுவான். கயிறு இல்லை. மறுபடியும் கை அங்கேயே போனது. நெஞ்சு எரிந்தது. அப்போதுதான் ஒரு வாரமாக நிவேதனா கத்திக் கத்திச் சொன்னது உறைத்தது. அவசரத்துக்கென்று மார்பில் மாட்டியிருந்த சின்னக் காற்றுக் குப்பி! வாயில் வைத்து மூச்சை இழுத்தான். கத்தியை உருவி வலையை அறுத்தான். பையில் காற்றை நிரப்பி, மணியோடு மேலே ஏறினான்.

"மணி வந்துட்டு!" என்று கூவினான் கித்தேரியான். வெறுங்கயிறு அப்போதும் அவன் கையில் சுற்றியிருந்தது.

"இருபத்திரண்டு நிமிஷம்" என்ற நிவேதனாவின் கண் காற்று குறைந்திருந்த சின்னக் குப்பியின் மீட்டரில் நின்றது. "வாய்க்குழாய் போயிடுச்சா? முதல்ல என்ன பண்ணீங்க?"

கீழே நடந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒரு பொய் போதும், சான்றிதழ் கையில்.

"கயித்தத் தேடுனேன், மேடம். ரெண்டு தடவ."

'தேர்ச்சி' என்று எழுதியதை அவர் அடித்தார். "அந்த ரெண்டு தடவையிலதான் உயிர் போறது. நாளைக்கு மறுபடி முங்குங்க."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமல்லா, பூசை இருக்கு" என்ற கித்தேரியான் லூர்தனைப் பார்த்தான். "நெசத்தச் சொல்லி ஃபெயிலான மொத ஆளு நீதான் மாப்ள!"

"எங்கையி இன்னும் படிக்கணும் மச்சான். காயிதம் பெறவு வரட்டும்."

திங்கட்கிழமை லூர்தன் மறுபடி முங்கினான். கூடவே இறங்கிய நிவேதனா தள்ளி நின்று பார்க்க, கடலடியில் வாய்க்குழாயைக் கழற்றினான். கை நேராக மார்புக்குப் போனது.

மார்ச் 19 அன்று சான்றிதழ் வந்தது. தேர்வில்தான் கயிறு கூடாது; அதற்கு அடுத்த வேலையில் கித்தேரியானே கயிறு பிடித்தான்.